எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனை கருக்கலைப்புப் பிரிவு: ஐந்துக்கு மூன்றரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் கருக்கலைப்புக்காகப் போகிற பெண்ணுக்குக் கிடைக்கும் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அதற்கு முன்னால் நாங்கள் ஏறி இறங்கிய தனியார் நர்சிங் ஹோமுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. நான் கூடப் போனது என் சித்தி மகளுக்குத் துணையாக. எழுதியதை அவளிடம் படித்துக் காட்டி, அவள் வேண்டாம் என்றதை எடுத்துவிட்டுத்தான் பதிவிடுகிறேன்.

பல் டாக்டர், கண் டாக்டர், ஸ்கேன் சென்டர் எல்லாவற்றுக்கும் நான்கு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். இதற்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. தேவைப்படுகிற பெண் அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் முடியாது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி, யாரிடமும் சொல்லாமல் விழுங்கி, ரத்தப்போக்கு நிற்காமல் ராத்திரி ஆட்டோ பிடித்து ஓடியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நினைவில்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கோர்ட் வாசலுக்கு எதிரில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வக்காலத்து, அஃபிடவிட், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும் ரிட் மனு எல்லாம் என் கையால் போகும். படித்தது பி.காம். சட்டம் எனக்கு விரல் வழியாக வந்தது. கருக்கலைப்பு அனுமதி கேட்கும் மனுக்களையும் அடித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளைத் திரும்பத் திரும்ப அடித்ததால், எந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, எதற்கு இல்லை என்பது எனக்கு மனப்பாடம். ஒரு மருத்துவமனையை இந்த விஷயத்தில் மதிப்பிட அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தங்கைக்கு வயது இருபதுகளின் கடைசி. ஒரு குழந்தை இருக்கிறது. கணவனைப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கிறாள், விவாகரத்து வழக்கு நிலுவையில். பத்து வாரம் கடந்திருந்தது. எப்படி, யாரால் என்று கேட்கத் தோன்றுகிறவர்களுக்கு: அந்தக் கேள்வியை அவளிடம் கேட்க எனக்கே உரிமை இல்லை. நான் கேட்கவில்லை.

நர்சிங் ஹோமில் ஏசி இருந்தது, நாற்காலி இருந்தது, குடிக்கத் தண்ணீர் இருந்தது. டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "டி அண்ட் சி பண்ணிடலாம், ஹஸ்பண்டை வரச்சொல்லுங்க" என்றார். கர்ப்பப்பையைச் சுரண்டி எடுக்கும் முறை அது. பிரிந்திருக்கிறோம் என்றாள். "அப்போ அப்பாவை வரச்சொல்லுங்க. ஆம்பள கையெழுத்து ஒண்ணு இல்லாம நான் தொடமாட்டேன், நாளைக்குப் பிரச்சினைன்னா யார் பதில் சொல்றது?" அப்பா இறந்து வருடங்கள் ஆகின்றன. கணவனிடம் சொன்னால் அடுத்த வாய்தாவில் அது அவளுக்கு எதிரான பேப்பராக வந்து நிற்கும். நான் சட்டத்தைச் சொன்னேன். "சட்டம் எல்லாம் கோர்ட்ல பேசுங்கம்மா" என்றார். வெளியே வரும்போது ரிசப்ஷனில் இருந்தவர் ரகசியமாக, பதினைந்தாயிரம் கட்டினால் கையெழுத்து இல்லாமல் பார்க்க இன்னொரு இடம் இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ஒரு கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிற பெண் எங்கே போய்ச் சேர்கிறாள் என்பதற்கு அந்தச் சீட்டைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கோர்ட்டில் பேசச் சொன்னாரே, கோர்ட் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம் அது. மருத்துவ முறையிலான கருக்கலைப்புச் சட்டம் (ஆங்கிலச் சுருக்கத்தில் எம்டிபி) 1971-ல் வந்தது. அதன் 3-வது பிரிவு, கர்ப்பிணியின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது என்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவருக்கும் மட்டும் பாதுகாவலரின் எழுத்துமூலமான சம்மதம். கணவன், தகப்பன், மாமியார், யாரும் அந்தப் பிரிவில் இல்லை. என்னைக் கேட்காமல் கலைத்துவிட்டாள் என்று மனைவி, அவள் குடும்பத்தார், டாக்டர்கள் எல்லோர் மேலும் 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு ஒரு கணவர் வழக்குப் போட்டார். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-ல் அதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமும் 2017-ல் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. டாக்டர் பயந்த அந்த "நாளைக்குப் பிரச்சினை" உண்மையிலேயே ஒருமுறை வந்து, டாக்டர்களுக்குச் சாதகமாகவே முடிந்துவிட்டது.

ஆனாலும் டாக்டர்களின் பயம் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். நம் நாட்டில் கருக்கலைப்பு இன்றைக்கும் அடிப்படையில் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவாகத் தொடர்கிறது. 1971 சட்டம் செய்தது என்னவென்றால், இன்னின்ன நிபந்தனைப்படி செய்த டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார் என்று ஒரு குடை பிடித்தது. குடை டாக்டருக்கு. பெண்ணுக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் எங்கேயும் எழுதவில்லை. அந்த உரிமையைப் பிற்பாடு நீதிபதிகள் அரசமைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அது வந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தமானது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2009-ல் சண்டிகரில் அரசு காப்பகத்தில் இருந்த ஒரு பெண், லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர், பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். கலைத்துவிடலாம் என்றது நிர்வாகம், சரி என்றது உயர் நீதிமன்றம். ஆனால் அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் நம் ஈரோடு மாவட்டத்துக்காரர், பிற்பாடு தலைமை நீதிபதியான ப. சதாசிவம். பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு, அரசமைப்பின் 21-வது பிரிவு காக்கும் தனிப்பட்ட சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று அவர்கள் எழுதினார்கள். அவர் சம்மதிக்காததால் கருவைக் கலைக்கவில்லை. கருக்கலைப்பு உரிமை என்று நாம் இன்று பேசுவதன் அஸ்திவாரம், குழந்தை வேண்டும் என்று சொன்ன ஒரு பெண்ணின் வழக்கில் போடப்பட்டது. இந்த உரிமையைக் குழந்தைக்கு எதிரானது என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு தீர்ப்பையாவது படிக்க வேண்டும். அவளைக் கட்டாயப்படுத்திக் கலைக்கவும் கூடாது, கட்டாயப்படுத்திச் சுமக்க வைக்கவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே காரணம்தான்: உடம்பு அவளுடையது.

அதே தீர்ப்பு, பிறக்கப்போகும் உயிரைக் காப்பதில் அரசுக்கும் அக்கறை உண்டு, அதனால் சட்டம் நிபந்தனைகள் வைப்பது நியாயம் என்றும் சொல்லியிருக்கிறது. இதை மறைப்பது சரியாக இருக்காது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோது, உடலைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் ஒருவர் எடுக்கும் முடிவுகளும் அதற்குள் வந்தன. 2018-ல், இன்னொருவர் மனைவியோடு உறவு வைப்பதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை ரத்து செய்தபோது, மனைவி கணவனின் உடைமை இல்லை என்பது எழுத்தில் வந்தது. அந்தத் தீர்ப்பைக் கள்ள உறவுக்கு அனுமதி என்று டீக்கடையில் பேசினார்கள். நான் அதில் படித்தது வேறு. மனைவியின் மேல் கணவனுக்கு உடைமை உரிமை இல்லை என்றால் அவள் கர்ப்பப்பைக்கு மட்டும் அவன் எப்படி கையெழுத்துப் போட முடியும்?

பிறகு 2022 செப்டம்பர் 29. இருபத்தைந்து வயது, திருமணமாகாதவர், விவசாயக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தவர் கைவிட்டார். கர்ப்பம் இருபது வாரம் தாண்டிவிட்டது. இருபதிலிருந்து இருபத்துநான்கு வாரம் வரை யார் யார் கலைக்கலாம் என்ற விதியில் விதவை உண்டு, விவாகரத்தானவர் உண்டு, திருமணமே ஆகாதவர் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் அதைக் காட்டி மறுத்தது. உச்ச நீதிமன்றம் அனுமதித்து, பின்னால் விரிவான தீர்ப்பை எழுதியது. தாலியை வைத்துப் பெண்களைப் பிரிப்பது அரசமைப்பின் 14-வது பிரிவு தரும் சமத்துவத்துக்கு முரண். பிள்ளை பெறுவது பற்றிய முடிவும் மானமும் அந்தரங்கமும் 21-வது பிரிவுக்குள். கணவன் பலாத்காரம் செய்து உண்டான கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு வன்கொடுமைக் கர்ப்பமாகவே பார்க்க வேண்டும். எங்கள் நர்சிங் ஹோம் டாக்டருக்காகவே எழுதியது போல இன்னொன்றும் அதில் இருக்கிறது: குடும்பத்தாரின் சம்மதம், ஆவணம், கோர்ட் உத்தரவு என்று டாக்டர்கள் கேட்கும் கூடுதல் நிபந்தனைகளுக்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது. அந்தப் பக்கத்தை அடிக்கும்போதெல்லாம் எனக்குக் கை கொஞ்சம் வேகமாகப் போகும்.

இந்த அளவுகோலோடுதான் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

ஓபி சீட்டு வாங்க வரிசை நீளம். மகப்பேறு கட்டடத்தில் உட்கார இடம் கிடையாது, நிறைமாதக்காரர்கள்கூடச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். பிக்மி எண் கேட்டார்கள். இது பிள்ளை பெறுவதற்கான பதிவு, எங்களுக்கு வேண்டாம் என்று விளக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்தது சின்ன வயசு லேடி டாக்டர். கடைசி மாதவிலக்கு தேதி, பழைய பிரசவம், ரத்த வகை எல்லாம் கேட்டார். "காப்பு எதுவும் எடுக்கலையா?" என்றார். தவறிவிட்டது என்றாள். குறித்துக்கொண்டார். கருத்தடை முறை தவறி உண்டான கர்ப்பம் பெண்ணின் மனநலத்துக்குக் கடும் பாதிப்பு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. முன்பு அது திருமணமானவர்களுக்கு மட்டும் இருந்தது. 2021 திருத்தம் எந்தப் பெண்ணுக்கும் என்று மாற்றியது. அதனால் பிரிந்திருப்பவளா, சேர்ந்திருப்பவளா என்று துருவ வேண்டிய அவசியம் டாக்டருக்கு இல்லை, அவர் துருவவும் இல்லை.

"அவர் கையெழுத்துப் போட வருவாரா?" என்று இவரும் ஒருமுறை கேட்டார்.

"வரமாட்டார் டாக்டர்."

"சரி, நீங்க போடுங்க."

அவ்வளவுதான். என் மூன்றரையில் இரண்டு மதிப்பெண் இந்த இடத்துக்கு.

சம்மதப் படிவம் ஒரே பக்கம். இன்னாரின் மகள் / மனைவி, வயது, நிரந்தர முகவரி, இப்போதைய முகவரி, இந்த இடத்தில் என் கருவைக் கலைக்கச் சம்மதிக்கிறேன், இடம், தேதி, கையொப்பம். சிறுமியாக இருந்தால் பாதுகாவலருக்குக் கீழே தனியாக இடம். கணவனுக்கு ஒரு கோடுகூட அதில் கிடையாது. தங்கை "மனைவி" என்பதை அடித்துவிட்டு, செத்துப்போன தன் அப்பாவின் பெயரை எழுதினாள். நர்ஸ் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு அரை மதிப்பெண் அந்த நர்ஸுக்கு.

சிகிச்சையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. மாத்திரை மட்டும் கொடுத்துக் கலைப்பது ஒன்பது வாரம் வரைதான் என்பதால், கையால் இயக்கும் பெரிய சிரிஞ்சு வைத்து உறிஞ்சி எடுக்கும் முறையில் செய்தார்கள். கர்ப்பப்பையைச் சுரண்டும் பழைய டி அண்ட் சி-க்குப் பதிலாக இதைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஏசி அறையில் டி அண்ட் சி, ஃபேன் சரியாகச் சுற்றாத அறையில் சரியான முறை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், வலி இருந்தது, பொறுக்க முடிந்தது என்றாள். அன்று சாயங்காலமே வீடு. எங்கும் பணம் கேட்கவில்லை. மறுபரிசோதனைக்கு எப்போது வர வேண்டும், எவ்வளவு ரத்தம் போனால் உடனே ஓடிவர வேண்டும் என்று டாக்டரே நின்று சொன்னார். அதற்கு மிச்ச ஒரு மதிப்பெண்.

இனி ஒன்றரை எங்கே போனது என்று சொல்கிறேன்.

படிவத்தில் கையெழுத்து வாங்கியபின் அதையும் டாக்டரின் கருத்துப் படிவத்தையும் உறையில் போட்டு ஒட்டி, மேலே ரகசியம் என்று குறிக்க வேண்டும். பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும் இருக்கலாம். கேஸ் ஷீட், தியேட்டர் ரிஜிஸ்டர் எல்லாவற்றிலும் வரிசை எண்தான். இது விதி. பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021-ல் அந்த 1971 சட்டத்தில் 5ஏ பிரிவையே சேர்த்தார்கள். எங்கள் உறையை ஒழுங்காக ஒட்டினார்கள், நானே பார்த்தேன். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் வார்டு வாசலில் நின்று ஒருவர், தங்கையின் பெயரை முழுசாகச் சொல்லி, "எம்டிபி கேஸ் யாரும்மா, எந்திரிச்சு வா" என்று கூப்பிட்டார். முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் எங்கள் தெருவுக்காரர் யாராவது இருந்தார்களா என்று அவள் கண்கள் ஓடியதை நான் மறக்கமாட்டேன். அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் எழுதியது இந்த வார்டு வாசலுக்கும் சேர்த்துத்தான். எண் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைச் சொல்லிக் கூப்பிட என்ன செலவாகப் போகிறது? இதற்கு ஒரு மதிப்பெண் கழித்தேன். வீட்டுக்கு வந்ததும் 5ஏ பிரிவைக் குறிப்பிட்டு, யார் பெயரையும் போடாமல், கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

மிச்ச அரை, காப்பர்-டி விஷயம். கலைத்த கையோடு போட்டுக்கொண்டால்தான் செய்வோம் என்கிற தொனியில் ஒரு நர்ஸ் பேசினார். கருத்தடை பற்றி எடுத்துச் சொல்வது நல்லது, சொல்லத்தான் வேண்டும். கட்டாயமாக்க எந்தச் சட்டமும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள் தங்கை, டாக்டர் விட்டுவிட்டார். கூட ஆள் இல்லாத பெண்ணாக இருந்தால் பயந்து தலையாட்டியிருப்பாள். சண்டிகர் பெண்ணின் தீர்ப்பு இதற்கும் பொருந்தும் என்பதை ஸ்டாஃபுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

யாருக்கு இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன்? பன்னிரண்டு வாரத்துக்குள் இருப்பவர்கள் தயங்காமல் போகலாம், திருமணமானாலும் ஆகாவிட்டாலும். இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். இருபத்துநான்கு வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், விதியில் உள்ள காரணங்களில் ஒன்றுக்குள் வர வேண்டும். நாள் தள்ளத் தள்ள உடம்புக்கும் ஆபத்து, பேப்பரும் கூடும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பெண் என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் அதில் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. இது தெரியாததால்தான் பல அம்மாக்கள் பெண்ணை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள்.

இருபத்துநான்கு வாரத்துக்கு மேல் போனால், கருவில் பெரிய குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னாலோ தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றாலோ தவிர, கோர்ட்தான். அங்கே உறுதி எதுவும் தர முடியாது. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர், இருபத்தாறு வாரத்தில் கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மனநலமும் 21-வது பிரிவுக்குள் வரும் என்று எழுதிய அதே நீதிமன்றம் அன்று இன்னும் ஒரு அடி வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அப்படிப்பட்ட மனுக்களை அடிக்கும்போது, முதல் பக்கத்தில் "மனுதாரர் 25 வார கர்ப்பிணி" என்று அடித்ததை, விசாரணைக்கு வருவதற்குள் 26 என்று திருத்தி மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கும். ஃபைல் நகராவிட்டாலும் வயிறு வளர்கிறது.

கையெழுத்துக்கு ஆள் கேட்டால் சத்தம் போட வேண்டாம். "எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள் என்று ஓபி சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க அவர்களால் முடியாது. ஸ்கேன் எடுத்திருந்தால் ரிப்போர்ட், பழைய பிரசவ சீட்டு, வயதுக்கு ஒரு சான்று, மாற்று உடை, நாப்கின் எடுத்துப்போங்கள். சாப்பிடாமல் வரச் சொன்னார்களா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஓபி காலையில் மட்டும்தான், சீக்கிரம் போனால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடலாம். துணைக்கு வர ஆள் இல்லை என்றால் வேலை நாளில் கோர்ட் எதிரில் எந்த டைப்பிங் கடையில் கேட்டாலும் என்னைக் காட்டுவார்கள், நான் வருகிறேன்.